என் சம்மதத்துக்கு யார் சாட்சி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் ஸ்க்ரூ கை நழுவிக் கீழே விழுந்தது. மூக்குக்கண்ணாடிப் பிரேமில் பக்கக் காலை மாட்டும் அந்தக் கடுகு அளவு ஸ்க்ரூ. வாடிக்கையாளர் எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். டீ அதிகமாகக் குடித்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தேன். டீ குடிப்பதை விட்டே பல மாதம் ஆகிறது. இந்த நடுக்கம் மனநிலைக்காக நான் சாப்பிடும் லித்தியம் மாத்திரை கொடுத்தது.

முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. நுணுக்கமான வேலைகளை மட்டும் சத்தமில்லாமல் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுகிறார். அவர் திட்டினால்கூடத் தேவலை.

சாயங்காலம் டாக்டரிடம் கையை நீட்டிக் காட்டினேன். லித்தியத்தைக் குறைத்தால் நான் மேலே ஏறிவிடுவேன், இல்லையென்றால் இன்னும் கீழே இறங்கிவிடுவேன் என்றார். மனசு அளவுமீறி ஏறுவதும் விழுவதுமாக இருக்கிற பைபோலார்க்காரர்களுக்கு எப்போதும் சொல்கிற பதில்தான். பிறகு யோசித்துவிட்டு, மருத்துவமனையின் இரண்டாம் மாடியில் ஓர் ஆய்வு நடக்கிறது என்றார். புது மருந்து ஒன்று. அதோடு சேர்த்துக் கொடுத்தால் லித்தியத்தைப் பாதியாகக் குறைக்க முடியுமா என்று பார்க்கிறார்களாம். சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

வேகமாக முடிவெடுத்தால் உடனே சந்தேகம் வருகிறது — ஏறுகிறேனா? இல்லை. குளிர்காலம் முழுக்கக் கீழேதான் கிடக்கிறேன். பல் துலக்கவே தனியாக மனசைத் தயார்படுத்த வேண்டியிருக்கிறது. கீழே கிடந்தாலும் புத்தி இருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

இரண்டாம் மாடிக்குப் போனேன். ஆய்வை ஒருங்கிணைப்பவள் சின்னப் பெண், காதில் பேனா செருகியிருந்தாள். ‘பேனாக்காரி’ என்றே மனதில் பதிந்துவிட்டது. பொறுமைசாலி. ஒவ்வொரு பக்கமாக விளக்கினாள். நானும் கேட்டேன். வெறும் மாத்திரை எனக்கு வந்து நான் இன்னும் இறங்கிப் போனால்? வாரா வாரம் பார்ப்போம், ஓர் அளவைத் தாண்டினால் உடனே வெளியே எடுத்துப் பழைய மருந்துக்கு மாற்றிவிடுவோம் என்றாள். பாதியில் விலகினால் என் டாக்டர் முகம் திருப்புவாரா? அவருக்கும் ஆய்வுக்கும் சம்பந்தமில்லை என்றாள். இதெல்லாம் பிடித்திருந்தது. பாதுகாப்பு என்றால் இதுதான். விழுந்தால் பிடிக்க ஆள் இருக்கிறது.

கடைசிப் பக்கத்தில் இன்னொரு கோடு இருந்தது. குடும்பத்தார் கையெழுத்து.

“இது எதுக்கு?”

“உங்க பாதுகாப்புக்குத்தான் மேடம்.”

எல்லோருக்கும் உண்டா என்று கேட்டேன். மனநிலைக் கோளாறு இருக்கிற எல்லோருக்கும் உண்டாம். எதிர் அறையில் மூட்டுவலி ஆய்வு நடக்கிறது. அங்கே ஒரு பெரியவர் தானே வந்து, தானே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். முட்டி போனால் மூளையை நம்புவார்கள். மனசு போனால் அண்ணனைக் கூட்டி வரச் சொல்வார்கள்.

அப்பா அம்மா இல்லை. கல்யாணம் முறிந்து வருஷங்கள் ஆகிவிட்டன. தோழி வரலாமா என்று கேட்டேன். இரத்த உறவு வேண்டுமாம்.

மார்ச் 9, ஞாயிறு

அண்ணன் வீடு. அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன். தலைக்கு மேலே எது தொங்கினாலும் கீழே யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பது அவனுக்குத் தொழில். நான் செய்துகொடுத்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எல்லாப் பக்கத்தையும் படித்தான். பக்கவிளைவுகள் வந்ததும் நிறுத்திவிட்டான்.

“உன் மேல மருந்து ஓட்டிப் பாக்க நான் கையெழுத்து போடணுமா?”

“போடறது நான்தான் அண்ணா. நீ சாட்சி மட்டும்.”

“சாட்சின்னா பொறுப்புதானே?”

அவள் சொல்வதை முழுசாகக் கேளுங்களேன் என்றாள் அண்ணி. கேட்டான். நான் என் கையைப் பற்றி, கடையைப் பற்றி, பக்கத்து மேசைக்குப் போகிற வேலைகளைப் பற்றிச் சொன்னேன். அவன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

“போன தடவை ஊர் பேர் தெரியாத பஸ் ஸ்டாண்டுல உன்னைக் கண்டுபிடிச்சேன். கால்ல செருப்பு இல்ல. சுத்தி நின்னவங்களுக்கெல்லாம் பார்வை தர்றதா சொல்லிட்டிருந்த. வா போலாம்னு கூப்பிட்டப்ப என்ன சொன்ன தெரியுமா? நான் நல்லா யோசிச்சுதான் முடிவு எடுத்திருக்கேன்னு.”

அன்று அவன் தன் செருப்பை எனக்குக் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு வண்டி ஓட்டினான். அதுவும் ஞாபகம் இருக்கிறது.

நான் எதற்கு ‘சரி’ என்று சொன்னாலும் அதற்குப் பின்னால் அந்த பஸ் ஸ்டாண்ட் வந்து நிற்கிறது. ஆயுசுக்கும் நிற்குமா?

மார்ச் 11

அண்ணன் போன் எடுக்கவில்லை.

மார்ச் 15, சனி

நூலகத்தின் பின்னறையில் எங்கள் கூட்டம். எல்லோரும் மனநிலைக் கோளாறுக்காரர்கள், வேறு வேறு கதைகள். என் புலம்பலை எடுத்து வைத்தேன். எல்லோரும் என் பக்கம் பேசுவார்கள் என்று நினைத்தேன்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வருவார். அவருக்கு ஏற்றமே கிடையாது, இறக்கம் மட்டும். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “நான் அடியில கிடந்தப்ப யாராவது வந்து இந்த மாத்திரை ஆபத்துன்னு சொல்லியிருந்தா, இன்னும் சீக்கிரம் கையெழுத்து போட்டிருப்பேன். ஆபத்துதான் வேணும்னு இருந்தேன்மா. என்னையெல்லாம் யாராவது தடுத்துத்தான் ஆகணும்.”



பாட்டு மிஸ்தான் பேச்சை மாற்றினாள். பள்ளியில் பாட்டு சொல்லித்தருகிறாள். எனக்கிருக்கும் அதே நோய், ஆனால் என்னைவிட நன்றாகச் சிரிப்பாள். பூட்டு அவளுக்கும் வேண்டுமாம். ஆனால் எந்தக் கதவுக்கு, யார் கையில் சாவி என்பதை அவள் நல்லபடியாக இருக்கும் நாளில் அவளைக் கேட்டுவிட்டுப் பூட்ட வேண்டுமாம். யாரும் கேட்பதில்லையே என்றாள்.

திரும்பி வரும்போது டிரைவர் சொன்னதுதான் காதில் இருந்தது. அவருக்குச் சரியான விதி எனக்குச் சரியாக இல்லை. எனக்குச் சரியானது அவரைக் கொன்றிருக்கும். ஒரே கோடு போட்டு எங்கள் எல்லோரையும் அதன்மேல் நிற்கச் சொன்னால் எப்படி?

மார்ச் 21, வெள்ளி

அண்ணன் செய்தி அனுப்பினான்: மன்னிச்சிடும்மா, என்னால முடியாது.

பேனாக்காரியிடம் போய் அழுதுகொண்டே சொன்னேன். விதி அப்படி மேடம், எனக்கும் வருத்தமா இருக்கு என்றாள். எல்லோருக்கும் வருத்தம். கை நடுங்குவது எனக்கு மட்டும்.

ஏப்ரல் 2

முதலாளி இன்று என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டார்.

மே 5, திங்கள்

வெயில் நன்றாக இருந்தது. காலையில் எழுந்தபோது நிஜமாகவே எழுந்தது போல இருந்தது. பல் துலக்க யோசிக்கவில்லை. ஜன்னல் துடைத்தேன். வாடிக்கையாளர்களோடு பேசப் பிடித்தது.

மே 12, திங்கள்

எழுத நேரமில்லை — எழுதியே ஆகவேண்டும். பேனாக்காரி கூப்பிட்டாள். வேறோர் ஆய்வு — தூக்கமும் மனநிலையும் — மணிக்கட்டில் ஒரு பட்டை — முகத்துக்கு நேரே ஒரு விளக்கு — ஒரே ஓர் இரவு ஆய்வகத்தில் தூங்காமல் இருக்கவேண்டும். மருந்து எதுவும் இல்லை என்பதால் ஆபத்துக் குறைவு என்ற பிரிவாம். குடும்பத்தார் கையெழுத்துத் தேவையில்லை. தேவையில்லை! அண்ணனே இல்லாத ஆய்வு.

புரிந்ததா என்று பார்க்க ஒரு கேள்வித்தாள். ஆய்வின் நோக்கம் என்ன, விலக உரிமை உண்டா, என்ன தொந்தரவு வரலாம் — எல்லாவற்றுக்கும் சரியான பதில். அவள் கேள்வியை முடிக்கும் முன்னால் பதில். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா எங்க வேலை எவ்வளவு சுலபம் மேடம் என்றாள். இரத்தத்தைச் சேமித்துவைக்கலாமா — சரி. மரபணு பார்க்கலாமா — சரி. பிற்காலத்தில் வேறு ஆய்வுக்கு — சரி, சரி. இன்னும் கட்டம் இருந்தால் கொடுங்கள் என்றேன்.

ஐந்து யோசனைகள் ஒரே நேரத்தில் வருகின்றன. எல்லாமே நல்ல யோசனை.

மே 14

பாட்டு மிஸ் சொல்கிறாள் — நீ வேகமா பேசுற, ராத்திரி தூங்கறியான்னு. எனக்குக் கெட்ட கோபம். நான் சந்தோஷமா இருக்கிறது உனக்குப் பொறுக்கலையா? கேட்டுட்டேன். நல்லாத்தான் கேட்டேன்.

மே 16

நாளைக்கு அந்த இரவு. தூக்கம் என்பதே மனிதர்கள் பழகிக்கொண்ட ஒரு சோம்பல்.

ஜூலை 1, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போதுதான் பேனா பிடித்து எழுத முடிகிறது. எழுத்து கோணல்.

நடந்ததைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைத்திருக்கிறேன். ஆய்வகத்து இரவுக்குப் பிறகு நான் தூங்கவே இல்லை. பல நாள். ஒரு விடிகாலை என்னிடமிருந்த சாவியால் கடையைத் திறந்து, காட்சிக்கு வைத்திருந்த பிரேம் அத்தனையையும் கழற்றியிருக்கிறேன். கால்கள் ஒரு வரிசை, லென்ஸ்கள் ஒரு வரிசை, ஸ்க்ரூக்கள் ஒரு குவியல். உலகத்தையே சரிசெய்துகொண்டிருப்பதாக நினைப்பு. முதலாளி கடை திறக்க வந்தபோது தரை முழுக்க மூக்குக்கண்ணாடிகளின் எலும்பு. அவர்தான் அண்ணனைக் கூப்பிட்டார். பிறகு வார்டு.

இன்று பாட்டு மிஸ் வந்தாள். அவள் சொன்னதுதான் என்னை உட்கார விடவில்லை. அந்த இரவுக்கு முந்தின நாளே இரண்டாம் மாடிக்குப் போன் செய்திருக்கிறாள். என் தோழி ஏறிக்கொண்டிருக்கிறாள், தூங்காமல் வைத்தால் கெட்டுவிடும் என்று. நீங்கள் குடும்பத்தாரா என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்றிருக்கிறாள். பங்கேற்பவர்களைப் பற்றி வெளியாட்களிடம் பேச முடியாது, அது அவர்களின் பாதுகாப்புக்கான விதி என்று வைத்துவிட்டார்கள்.

பாதுகாப்பு!

அண்ணன் வாசற்படியில் நின்று அதையே வேறு மாதிரி சொன்னான்: “மருந்துக்கு என் கையெழுத்து கேட்டாங்க. ராத்திரி முழுக்க உன்னை முழிக்க வைக்கறதுக்கு என்கிட்ட யாரும் கேக்கல.”

கீழே கிடந்து, யோசித்து, கேள்வி கேட்டு ‘சரி’ என்று சொன்னபோது என்னை நம்பவில்லை. மேலே பறந்துகொண்டு சொன்ன ‘சரி’யை உடனே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேள்வித்தாளில் முழு மதிப்பெண் வேறு.

ஜூலை 9

மருந்தின் அளவைக் கூட்டியிருக்கிறார்கள். நடுக்கமும் கூடிவிட்டது. டம்ளரில் பாதிதான் தண்ணீர் பிடிக்கிறேன்.

ஜூலை 18, வெள்ளி

பேனாக்காரி வீடு தேடி வந்தாள். காதில் பேனா இல்லை. உள்ளே வரச் சொல்லியும் நிலைப்படியிலேயே நின்றாள். கத்தவேண்டும் என்று வார்டில் படுத்துக்கொண்டு எவ்வளவோ ஒத்திகை பார்த்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“அன்னிக்கு நீங்க அவ்வளவு சந்தோஷமா இருந்தீங்க மேடம். எனக்குச் சந்தேகமே வரல.”

“அதுக்கு முன்னால என்னை நீங்க பாத்திருக்கீங்க. அழுதுட்டிருந்தேன். அந்த ஆளும் இந்த ஆளும் ஒண்ணுதானான்னு தோணலையா?”

“குணமாயிட்டீங்கன்னு நினைச்சேன்.”

பொய் சொல்லவில்லை. அவளுக்குக் கொடுத்த கேள்விகளை அவள் கேட்டாள். விதியில் இருந்ததையெல்லாம் ஒழுங்காகச் செய்தாள். என்மேல் தப்பா, அவள்மேல் தப்பா என்று தேடினால் கையில் ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது. யார் சட்டையைப் பிடிப்பது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மருத்துவமனையில் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு என் விஷயத்தை எடுத்துப் பேசியிருக்கிறது. இனிமேல் பைபோலார் உள்ளவர்களை எந்த ஆய்விலும் சேர்ப்பதில்லை என்று முடிவெடுக்கப் போகிறார்களாம். பாதுகாப்புக் கருதி.

அப்ப எங்களுக்கு யாரு மருந்து கண்டுபிடிப்பாங்க? எங்களை வெச்சுப் பாக்காம எங்களுக்கு எது ஒத்துக்கும்னு எப்படித் தெரியும்? பூட்டு சரியில்லைன்னா பூட்டை மாத்தணும். வீட்டையே இடிக்கறாங்க. அதுவும் என் பேரைச் சொல்லி இடிக்கறாங்க. கை நடுங்குற அடுத்தவளும் இப்படியே நடுங்கிட்டே கிடக்கட்டும், நாங்க பத்திரமா வெச்சிருக்கோம்னு சொல்லிக்கலாம். யாரைப் பத்திரமா? அவங்களைத்தான்.

குழுவிடம் பேச அனுமதி கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பேசினேன்.

நீள மேசை, நடுவில் தண்ணீர் பாட்டில்கள். தலைவர் ஒரு வழக்கறிஞர். பாட்டு மிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அண்ணன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, உள்ளே வரமாட்டேன் என்று கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்துகொண்டான்.

எங்களைத் தடுக்கவே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அதைத்தான் முதலில் சொன்னேன். தடுக்கவேண்டிய நாட்கள் எனக்கு உண்டு, என்னைவிட யாருக்கு அது தெரியும் என்றேன். டிரைவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், சொன்னேன். ஒரே நாளில் கையெழுத்து வாங்காதீர்கள், இடைவெளி விட்டு இன்னொரு நாள் கேளுங்கள், அதே ஆள்தானா வருகிறாள் என்று பாருங்கள் என்றேன். தூக்கத்தைப் பற்றியே ஓர் ஆய்வு, முந்தின இரவு தூங்கினாயா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை என்றேன். தலைவர் குறித்துக்கொண்டார். உங்கள் அனுபவம் மிகவும் மதிப்புமிக்கது என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குத் தெரிந்துவிடும், அடுத்து ‘ஆனால்’ வரும் என்று.

“ஆனா நீங்களே சொல்றீங்க, கேள்விக்கெல்லாம் சரியா பதில் சொன்னேன்னு. அப்புறம் நாங்க எப்படிக் கண்டுபிடிக்கறது?”

“என்னைத் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும் சார். யாரைக் கேக்கணும்னு நான் நல்லா இருக்கும்போதே எழுதித் தர்றேன். அவங்க போன் பண்ணினா எடுத்துப் பேசுங்க.”

“அதான் குடும்பத்தார் கையெழுத்துன்னு வெச்சிருக்கோமே. உங்க அண்ணன் வெளியதானே இருக்கார். அவரையே எழுதித் தருவீங்களா?”

கதவு முழுக்கச் சாத்தியிருக்கவில்லை. பெஞ்ச் கிறீச்சிட்டது எனக்குக் கேட்டது. என் குரல் அவனுக்குக் கேட்காமல் இருக்காது.

“இல்ல சார்,” என்றேன்.

பஸ்ஸில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் இறங்குகிற இடம் வந்தபோது சொன்னான்: “நீ சொன்னது சரிதான். எனக்கு எப்பவும் பயம்தான் வருது. பயந்தவனைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவான்.”

அதற்கு நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். பஸ் கிளம்பிவிட்டது.

செப்டம்பர் 12

பதில் இல்லை. குழுவைக் கேட்டால், பரிசீலனையில் இருக்கிறதாம்.

அக்டோபர் 10, வெள்ளி

பதில் வந்தது. எங்களை விலக்கப்போவதில்லை. மருத்துவமனை தானாக நடத்தும் ஆய்வுகளில் மட்டும், ஒரு வருடத்துக்குச் சோதனை முறையில்: பங்கேற்பவரே ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்கலாம், இரத்த உறவாக இருக்கவேண்டியதில்லை, ஒப்புதலை இரண்டு வேறு நாட்களில் கேட்க வேண்டும், அந்த ஆள் கூப்பிட்டால் பேசவேண்டும்.

நான் கேட்ட மருந்து ஆய்வு வெளிக் கம்பெனி ஒன்று நடத்துவதாம். அதற்குப் பழைய விதியேதான். ஆக, எனக்கு வேண்டியது எனக்குக் கிடைக்கவில்லை. பாட்டு மிஸ் துள்ளிக் குதித்தாள். எனக்கு முதலில் அழுகைதான் வந்தது. பிறகு அவளைப் பார்த்துச் சிரித்தேன், முழுசாக வரவில்லை.

முதலாளி கல்லாவிலிருந்து என்னைக் கண் பரிசோதனை அறைக்கு மாற்றியிருக்கிறார். அங்கே கை அவ்வளவாக வேண்டாம். இது தெளிவா, அது தெளிவா என்று கேட்கவேண்டும், அவர்கள் சொல்வதை நம்பவேண்டும்.

நவம்பர் 6

பாட்டு மிஸ் விளக்கு ஆய்வில் சேர்கிறாள். இதில் இரவு விழிப்பு கிடையாது. தன் ஆளாக என் பெயரை எழுதிக்கொடுத்திருக்கிறாள். உன்னைத் தவிர யாரைப் போட என்றாள். பெருமையாக இருந்தது, ஒளிப்பானேன்.

நவம்பர் 19, புதன்

கடையில் இருந்தபோது பேனாக்காரி கூப்பிட்டாள். பாட்டு மிஸ் இரண்டாம் ஒப்புதலுக்கு வந்திருக்கிறாள், பக்கத்து அறையில் இருக்கிறாள். “ரொம்ப நல்லா இருக்காங்க மேடம். அதனாலதான் உங்களைக் கேக்கறேன். நீங்க என்ன நினைக்கறீங்க?”

நான் நேற்றுத்தான் அவளைப் பார்த்திருந்தேன். காலை உணவுக்கு முன்னால் மூன்று புதுப் பாட்டு போட்டதாகச் சொன்னாள். என்னைப் பேசவிடவில்லை. கண் மினுமினுவென்று இருந்தது. அழகாக இருந்தாள். நான் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிட்டேன், ஏனென்றால் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

பரிசோதனை நாற்காலியில் ஒருவர் கருவிமேல் தாடையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். நிஜமாகவே அவள் நன்றாக இருந்தால்? எனக்குத்தான் பயமாக இருந்தால்?

“இன்னிக்கு வேண்டாம்,” என்றேன். “ஒரு வாரம் கழிச்சுக் கேளுங்க. அவங்க டாக்டர்கிட்டயும் சொல்லிடுங்க.”

சற்று நேரத்தில் பாட்டு மிஸ்ஸே கூப்பிட்டாள்.

“நீயுமா?” என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

நவம்பர் 22

கூட்டத்துக்கு அவள் வரவில்லை. டிரைவர் எனக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

நவம்பர் 30, ஞாயிறு

இன்றும் அவள் போன் எடுக்கவில்லை. டாக்டரைப் பார்த்தாள், மருந்து மாற்றியிருக்கிறார்கள் என்று மட்டும் தெரியும். நான் சொன்னது சரியா தப்பா என்று யாரும் எனக்கு வந்து சொல்லப் போவதில்லை. சரியாக இருந்தாலும் அவள் கோபம் குறையாது. எனக்கே தெரியாதா அது.

சாயங்காலம் அண்ணனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தான்.

“என்னம்மா, ஏதாவது ஆயிடுச்சா?”

“ஒண்ணும் இல்லண்ணா. சும்மாதான்.”

அவன் காத்திருந்தான். காற்று பலமாக அடிக்கிற நாளில் கிரேனை நிறுத்திவிடுவீர்களா என்று கேட்டேன். அவன் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தான். அண்ணி சாப்பிடக் கூப்பிடும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.